களிம்பு

போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மீன் இறங்குதுறை. மாலை நாலரை. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கடிகாரம் ஓடுவது இந்தியா முழுவதற்குமான மிர்சாப்பூர் நேரத்துக்கு. சூரியன் அதைக் கேட்பதில்லை.

ஐஸ் உடைக்கும் மெஷினின் பிளக் கருகிவிட்டது. நாலு கோர் கேபிள், நாலு பின் சிவப்பு பிளக்: மூன்று பேஸ், ஒரு எர்த். மெயினை இறக்கி, பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"தேய்ச்சிட்டுப் பழசையே போட்டுடுங்கண்ணே. புதுசு அடுத்த கப்பலுக்குத்தான் வரும்" என்றார் கடைக்காரர். சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாள். இங்கே யாருக்கும் எதையும் தூக்கிப்போட மனம் வராததற்கு அந்த மூன்று நாளே காரணம்.

*

மேலே படிந்த கறுப்பு தேய்த்தால் போய்விடும். சூட்டில் தளர்ந்த பிடி திரும்பாது. தளர்ந்த இடம் சூடாகும். அந்தச் சூடு இன்னும் தளர்த்தும். கருகிய பிளக்கை மாற்றிவிட்டுச் சுவரில் இருக்கும் சாக்கெட்டை அப்படியே விட்டால் புதியதும் ஒரு மாதத்தில் கருகும். நல்லவேளை, சாக்கெட் இறுக்கமாக இருந்தது. என் பையில் பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய பிளக் கிடந்தது. பித்தளைப் பின்களுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கொஞ்சம் புளி வாங்கினேன். குத்துவிளக்கு துலக்குகிற அதே புளிதான். நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் அந்தப் புளியே மறுபடி பச்சை பிடிக்க வைக்கும்.

*

கேபிள் உறையை உரித்தேன். செம்பு இழைகள் பாசிப் பச்சை. ஒரு சாண் வெட்டினேன், இன்னும் மங்கல். திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகளின் இடுக்கு உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே உறை புத்தம்புதிதாக மினுங்கிக்கொண்டிருக்கும்.

ஆணவத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. கூடவே பிறந்தது என்பார்கள். கடற்கரையில் வேலை பார்க்கிற எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. சுருளாக வந்து இறங்கும்போது செம்பு பளிச்சென்றுதான் இருக்கிறது.

இன்னொரு அரைச் சாண். செம்பு சிவந்தது.

2020 ஆகஸ்ட் 10-ல் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதில் வருவது பேச்சும் படமும். கண்ணாடி இழையில் களிம்பு பிடிக்காது. மெஷினைச் சுற்றவைக்கும் கரண்ட் அதில் வருவதில்லை; அது பெரும்பாலும் இங்கேயே டீசல் எரித்து எடுப்பது.

*

இந்தக் கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல், பச்சை-மஞ்சள். நான் தொழில் கற்றது சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பில். அதில் கறுப்பு நியூட்ரல். நாலு கோரில் எர்த் தேவைப்பட்டால் அதையே எர்த்தாக்கிவிடும் கெட்ட பழக்கமும் எங்களிடம் உண்டு. புதிய முறையில் கறுப்பு ஒரு பேஸ்.

கை தானாகக் கறுப்பை எர்த் பின்னுக்குக் கொண்டுபோயிற்று. அப்படி முடுக்கி, மிஞ்சிய பச்சை-மஞ்சளைப் பேஸில் சேர்த்திருந்தால் மெஷினின் உடம்பெல்லாம் 240 வோல்ட். ஈரத் தரை, வெறுங்கால்கள்.

கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் கடலைப் பார்த்தேன். ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும் என் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது. அதனால் யாருக்கும் ஷாக் அடிக்காது.

மீட்டரின் ஒரு முனையை மெஷின் உடம்பில் வைத்தேன், மறுமுனையைப் பச்சை-மஞ்சளில். பீப். அந்த ஒன்றை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரல் நீளம் விட்டு முடுக்கினேன். யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தாலும் அது கடைசியாகத்தான் கழன்று வர வேண்டும்.

*

பியூஸைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். மெஷின் தலைகீழாகச் சுற்றியது. வெட்டுவதற்கு முன் எந்தப் பின்னில் எந்தக் கம்பி என்று குறித்து வைக்கவில்லை. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சைப் பிடித்தார். மறுபடி மெயினை இறக்கி, பழுப்பையும் சாம்பலையும் இடம் மாற்றினேன்.