ஆறாமவன் எடுத்த பழம்

அசோக மரத்தின் நிழலில் வீற்றிருந்து எல்லா உயிர்க்கும் அறம் உரைத்தருளிய அருகப் பெருமானின் திருவடிகளைத் தொழுது இவ்வுரையைத் தொடங்குகின்றோம்.

நம் அறத்தில் மரத்திற்கு உள்ள மதிப்பு தனிச்சிறப்புடையது. ஆதிநாதப் பெருமான் ஆலமரத்தடியிலும், வர்த்தமானப் பெருமான் சால மரத்தடியிலும் கேவலஞானம் எய்தினர் என்பதை நாம் அறிவோம். மரத்தை உயிரற்ற பொருளாக நம் ஆசாரியர்கள் ஒருபோதும் கருதியதில்லை. தொடு உணர்வு ஒன்றையே உடைய ஓரறிவுயிர் அது. அதனால் ஓட இயலாது. கூவி அழைக்கவும் இயலாது. ஆதலால் மரத்தினிடம் நாம் காட்டும் கருணை, அது கேளாமலே காட்டும் கருணையாக இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையைக் கற்பிக்கும் கதை ஒன்று நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. காட்டில் வழி தவறிய அறுவர் பசியால் வாடி, பழம் நிறைந்த நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். முதலாமவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். இரண்டாமவன் அடிமரத்தை வெட்ட எண்ணினான். மூன்றாமவன் பெருங்கிளைகளையும், நான்காமவன் சிறு கொம்புகளையும் வெட்டக் கருதினர். ஐந்தாமவனுக்குப் பழங்களை மட்டும் பறித்தால் போதுமானதாயிற்று. ஆறாமவனோ, தாமே உதிர்ந்து தரையில் கிடப்பவற்றை எடுத்து உண்டாலே பசி தீருமே என்று நினைத்தான். கிருஷ்ணம், நீலம், காபோதம், பீதம், பத்மம், சுக்கிலம் என்னும் ஆறு லேசியைகளை விளக்க எழுந்த கதை இது. அறுவரும் கோடரியைத் தொடுவதற்கு முன்னரே தத்தம் நிறத்தைப் பெற்றுவிட்டனர் என்பதை இங்கே கருதுதல் வேண்டும். வினை கைக்கு வருமுன் மனத்தில் தொடங்கிவிடுகின்றது.

யாம் ஆசிரியைப் பயிற்சி பெற்ற காலத்தில், சொல்லிக் கற்பிப்பதைக் காட்டிலும் படம் காட்டிக் கற்பிப்பது மாணாக்கர் மனத்தில் நிலைக்கும் என்று எமக்குப் போதித்தனர். அதனை நம்பி, எம் ஊர் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் நடத்திய அறநெறி வகுப்பில், நாவல் மரத்தையும் அறுவரையும் பெரிய அட்டையில் வரைந்து மாட்டினோம். ஆறாமவனுக்கு மட்டும் வெள்ளாடை தீட்டி, “இவனிடத்தில் குற்றமே இல்லை” என்று பாடம் முடிப்பது எம் வழக்கம்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், அவ்வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். “டீச்சர், விழுந்த பழத்தையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டால், புது நாவல் மரம் எப்படி முளைக்கும்?” என்று கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் இல்லை. “பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்” என்று அதட்டிவிட்டோம். அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அவ்வகுப்பில் அவள் ஒரு வினாவும் எழுப்பியதில்லை. அஹிம்சைப் பாடம் நடத்திக்கொண்டே ஒரு குழந்தையின் அறிவை வாட்டினோம் என்பதை உணர எமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அவ்வினாவுக்குரிய விடை எதிர்பாராத வழியில் வந்தது. உறவினர் இல்லத் திருமணம் ஒன்றில், வெளிநாட்டில் வாழும் பெண் ஒருத்தி உலர்பழப் பெட்டி ஒன்றை எம்மிடம் அளித்தாள். முந்திரிக்கும் பாதாமுக்கும் இடையே, கட்டைவிரல் பருமனில் வெண்மையான கொட்டைகள் சில இருந்தன. அவை பிரேசில் கொட்டைகள் என்றாள். எப்பொருளையும் இது கிழங்கா, கனியா, எங்கு விளைந்தது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்று வினவி அறிந்தபின் உண்பதே நம் மரபு. அவ்வாறு வினவிப் படிக்கத் தொடங்கிய யாம் அறிந்தவற்றையே இங்கு உரைக்கின்றோம்.

தென் அமெரிக்காவில், பிரேசில், பொலிவியா, பெரு ஆகிய நாடுகளின் அமேசான் காடுகளில் வளர்வது இக்கொட்டை மரம். ஐம்பது மீட்டர் உயரம் வரை ஓங்குவது. பல நூற்றாண்டு வாழ்வது. சந்தைக்கு வரும் கொட்டைகளில் மிகப் பெரும்பகுதி, எவரும் நட்டு வளர்க்காத காட்டு மரங்களிலிருந்தே கிடைக்கின்றது. பூ காயாகி முற்ற ஓராண்டுக்கு மேலாகும். முற்றிய காய், தேங்காய் ஓட்டைப் போன்ற வலிய ஓடு உடையது. உள்ளே பத்து முதல் இருபத்தைந்து வரை கொட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அக்காட்டின் மழைக்காலத்தில் காய்கள் தாமே உதிரும். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் காய் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து; ஆதலால் காற்றும் மழையும் உள்ள வேளையில் மரத்தடிக்குச் செல்லமாட்டார்கள். பின்னர்ச் சென்று, தரையில் கிடப்பவற்றைத் திரட்டி, வெட்டுக்கத்தியால் ஓட்டைப் பிளந்து கொட்டைகளை எடுப்பார்கள். மரத்தில் ஏறுவதில்லை, கிளையை ஒடிப்பதுமில்லை. நம் ஆறாமவனை அக்காட்டில் கண்டதுபோல் யாம் மகிழ்ந்தோம்.

அம்மரம் தனியே வாழ்வதன்று. அதன் பூவின் இறுகிய மூடியைத் தள்ளித் திறந்து உட்புக வல்லவை, பெரிய உடல் கொண்ட காட்டுத் தேனீக்கள் மட்டுமே. அதன் ஓட்டைக் கொறித்துத் திறக்க வல்லது அகூட்டி என்னும் சிறு விலங்கு. அது சில கொட்டைகளைத் தின்னும். சிலவற்றைப் பின்னொரு நாளுக்காக மண்ணில் புதைக்கும். புதைத்தவற்றுள் சிலவற்றை மறந்துவிடும். மறந்தவையே முளைத்து மரமாகின்றன. ஓரறிவுயிராகிய மரம் நாலறிவுயிராகிய தேனீயாலும், ஐயறிவுயிராகிய விலங்காலும் தழைக்கின்றது. அவையோ மரத்தால் வாழ்கின்றன. உயிர்களின் பரஸ்பர உபகாரம் என்று நாம் ஓதுவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இனி, அம்மரம் நமக்குச் செய்யும் உபகாரத்தைக் காண்போம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை உள்வாங்கி, வெயிலின் துணையால் மரமாக மாற்றுகின்றது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரியே. மரம் நிற்கும்வரை அக்கரி அதனுள் அடங்கியிருக்கும்; மரத்தை எரித்தால் ஒரு கிலோ கரி மூன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்து உலகை வெப்பமாக்கும். அமேசான் காடுகளின் மரங்களிலும் மண்ணிலும் ஏறத்தாழ 15,000 கோடி டன் முதல் 20,000 கோடி டன் வரை கரி அடங்கியிருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பூட்டும் செய்தி ஒன்றைத் தந்தது. அக்காட்டின் எண்ணற்ற மர இனங்களுள், நூற்றுக்கு ஒன்று என்னும் அளவினதாகிய சில இனங்களே மரங்களில் உள்ள கரியில் பாதியைச் சுமக்கின்றனவாம். எண்ணிக்கையில் இருநூறு இனங்களுக்கும் பின்னால் நிற்கும் பிரேசில் கொட்டை மரம், சுமக்கும் நிறையில் மூன்றாம் இடத்தில் நிற்கின்றதாம். காட்டை வெட்டி விற்று வாழ்வதையும், கரி சுட்டு வாழ்வதையும் சிராவகர் விலக்க வேண்டிய கொடுந்தொழில்களாக நம் ஆசாரியர்கள் வகுத்ததன் அருமை இப்போது மேலும் விளங்குகின்றது.

முதல் நால்வரின் கோடரி அங்கும் ஓயவில்லை. மாட்டு மேய்ச்சலுக்காகவும் பயிருக்காகவும் காடு எரிக்கப்பட்டு வந்துள்ளது. அமேசானின் தென்கிழக்குப் பகுதி, உள்வாங்கும் கரியைக் காட்டிலும் மிகுதியாக வெளிவிடும் நிலைக்கு வந்துவிட்டது என்று 2021-இல் ஆய்வாளர் அறிவித்தனர். இக்கொட்டை மரத்தை வெட்டலாகாது என்று பிரேசில் நாட்டில் சட்டம் உண்டு. ஆயினும் சுற்றிலும் உள்ள காட்டை அழித்துவிட்டு, மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஒற்றை மரத்தை நிறுத்தி வைத்தால், தேனீ வராது, அகூட்டியும் வராது. சட்டம் காத்த மரம் சந்ததியின்றி நிற்கும்.

கோடரிக்கு எதிரே கோடரி ஏந்தாமல் நின்றவர்களும் அங்கு இருந்தனர். ஆக்ரே மாநிலத்தில், ரப்பர்ப் பாலும் இக்கொட்டையும் எடுத்து வாழ்ந்த எளிய மக்கள், சிக்கோ மெண்டிஸ் முதலியோர் தலைமையில், காடழிக்க வந்த ஆட்களின் முன் குடும்பத்தோடு கூடி நின்று, பேசியே அவர்களைத் திருப்பி அனுப்பினர். 1988 டிசம்பர் 22 அன்று சிக்கோ மெண்டிஸ் தம் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990-இல் அவர் பெயரால் 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு, மக்கள் காட்டை அழிக்காமல் அதன் விளைபொருளை எடுத்து வாழ்வதற்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் அக்காப்பகத்தினுள்ளும் மேய்ச்சலுக்காக மரங்கள் வீழ்ந்தன என்பதையும் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். அறத்தை ஒருமுறை நிலைநாட்டிவிட்டு உறங்கிவிட இயலாது.

ஆயினும் எம்மை உலுக்கியது கோடரி பற்றிய செய்தியன்று. 2003-இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று நாடுகளிலும் 23 இடங்களில் உள்ள கொட்டை மரங்களை ஆய்வாளர் அளந்து பார்த்தனர். நெடுங்காலமாக மிகுதியாகக் கொட்டை திரட்டப்பட்ட இடங்களில் முதிய மரங்கள் ஓங்கி நின்றன, இளமரங்களோ காணப்படவில்லை. எவரும் மரத்தை வெட்டவில்லை. எவரும் கிளையை ஒடிக்கவில்லை. உதிர்ந்ததை மட்டுமே எடுத்தனர். ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்தனர். இன்று கரியைச் சுமக்கும் முதியோர் ஒருநாள் வீழ்வர். அச்சுமையை ஏற்க வாரிசு இல்லை. இதைப் படித்த இரவு, எம் வகுப்புச் சிறுமியின் குரல் மீண்டும் எம் செவியில் ஒலித்தது. அவள் கேட்டதும் இதுவே அன்றோ!

அனேகாந்தம் பயின்ற நாம் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது. அளவோடு திரட்டும் இடங்களில் கன்றுகள் வளர்கின்றன என்றும், பயிரிட்டுவிட்டுத் தரிசாக விட்ட சிறு நிலங்களில் இக்கொட்டை மரக் கன்றுகள் செழித்து எழுகின்றன என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலும், கொட்டையால் வருவாய் இல்லையெனில் அம்மக்கள் காட்டைக் காத்து நிற்பதும் அரிது. ஆதலால் எடுப்பது குற்றமன்று; அளவின்றி எடுப்பதே குற்றம்.

இப்போது நம் கதைக்குத் திரும்புவோம். ஆறாமவன் உதிர்ந்ததை எடுத்தான் என்பது கதையின் பாதி. தன் பசிக்கு வேண்டிய அளவே எடுத்தான் என்பது மறுபாதி. அவன் கையில் சாக்கு இல்லை. யாம் எத்தனையோ ஆண்டுகள் முதற்பாதியை மட்டுமே கற்பித்து வந்தோம். அதே ஆறாமவன் சாக்கோடு வந்து, இன்னும் வேண்டும் என்னும் வேட்கையோடு கடைசிப் பழத்தையும் திரட்டுவானாயின், அவன் கை மரத்தைத் தொடாவிட்டாலும் அவன் உள்ளத்தின் வெண்மை மங்கிவிடும். அஹிம்சை என்னும் அணுவிரதமும், பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் அணுவிரதமும் இரு வேறு விரதங்கள் என்று நாம் எண்ணுகின்றோம். காட்டில் அவை ஒன்றாகிவிடுகின்றன. அளவற்ற ஆசை, கத்தி ஏந்தாமலே கொல்லும்.

அக்காடு எங்கோ கடல் கடந்து இருக்கின்றது, நமக்கு என்ன என்று கேட்கலாம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூவழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் சித்தாந்தம். சாக்கின் ஒரு முனை திரட்டுவோன் கையில் என்றால், மறுமுனை வாங்கி உண்ணும் நம் கையில். நம் ஊர்க் கடைக்கு வரும் காட்டு நெல்லியும் கடுக்காயும் அவ்வாறே. கிளையை வெட்டிச் சாய்த்து உதிர்த்த நெல்லியும், கையால் பறித்த நெல்லியும் கடையில் ஒரே கூடையில் ஒரே நிறமாகத்தான் தோன்றும். எப்படி எடுத்தீர்கள் என்று வினவுவோர் பலரானால், எடுக்கும் முறையும் மாறக் காண்போம்.

ஆதலால், அன்பர்களே, சிறு நியமம் ஒன்றை ஏற்போம். காட்டுப் பொருளை வாங்குமுன் அது எடுக்கப்பட்ட முறையை வினவுவோம். தேவைக்கு மேல் வாங்காதிருப்போம். நம் தோட்டத்து நாவலிலும் நெல்லியிலும் இலுப்பையிலும் பழம் பொறுக்கும்போது, ஒரு பங்கைப் பறவைக்கும் அணிலுக்கும் மண்ணுக்கும் விட்டுவைப்போம். குழந்தைகளையும் அழைத்துச் சென்று, ஏன் விடுகின்றோம் என்பதைச் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் வினவினால், அதட்டாமல் செவிசாய்ப்போம்.

அன்று வினவிய சிறுமி இன்று நடுவயதுப் பெண்மணியாக எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பாள். இந்த இதழ் அவள் இல்லத்துக்கும் வருமாயின், அவளுக்குச் சொல்ல வேண்டியது இதுவே: குழந்தாய், நீ கேட்டது சரி. ஆறாமவன் சில பழங்களை மரத்தடியிலேயே விட்டுச் சென்றான். அதனை எம் படத்தில் வரைய யாம் மறந்துவிட்டோம். எம்மைப் பொறுத்தருள்க.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! அருகன் அறம் வளர்க!