எவ்வளவு போதும்? மின்கலத்தின் அளவும் மனிதனின் தேவையும்

பொருளொன்றை வாங்கப் புகுவோன் எழுப்பும் வினாக்களுட் பெரும்பாலானவற்றுக்குக் கடைக்காரனே விடை கூறிவிடலாம். விலை யாது, உறுதி எத்தகையது, பழுதுற்றால் திருத்துவோர் உளரோ என்பன அத்தகையவை. ஒருசில பொருள்கள் மாத்திரமே வாங்குவோனைத் தன்னை நோக்கி வினவுமாறு செய்கின்றன. மின்விசை துணைநிற்கும் மலைத் துவிச்சக்கர வண்டி அவற்றுள் ஒன்றாகும். உனக்கு எவ்வளவு போதும் என்பதே அது கேட்கும் வினா. அதற்கு விடை கூறுதல் கடைக்காரனின் பணியன்று. கூற முற்படுவானாயின் பெரியதையே கூறுவான்.

இவ்வண்டியின் இயல்பை முதற்கண் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மிதிப்பவன் மிதிக்குந்தோறும் அவனுடைய விசையோடு சிறு மோட்டர் ஒன்றின் விசையும் சேருகின்றது. அவன் மிதியாதிருப்பின் மோட்டரும் வாளாவிருக்கும். ஐரோப்பியச் சட்டம் அம்மோட்டரின் தொடர் வலுவுக்கு 250 உவாற்றையும், அது துணைநிற்கும் வேகத்துக்கு மணிக்கு 25 கிலோமீற்றரையும் எல்லையாக வகுத்துள்ளது. பேச்சு வழக்கிற் பற்றரி எனப்படும் மின்கலமே அதன் கையிருப்பு. எடை குறைந்த வகையினுள், ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் லெவோ எஸ்.எல். 2020 இல் 320 உவாற்று மணி கொள்ளும் மின்கலத்தோடு வெளிவந்தது. ட்ரெக் நிறுவனத்தின் ஃபியூவல் ஈ.எக்ஸ்.ஈ. 2022 இல் 360 உவாற்று மணியோடு வந்தது. ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஒர்பியா நிறுவனமோ, 2024 இல் தனது ரைஸ் வண்டியை 420, 630 என்னும் இரு அளவு மின்கலங்களோடு வெளியிட்டுத் தெரிவை வாங்குவோனிடமே விட்டுவிட்டது. (1840 இல் துப்பாக்கி செய்யும் தொழிலகமாகத் தோன்றிய அந்நிறுவனம் பின்னர் துவிச்சக்கர வண்டிக்கு மாறித் தொழிலாளரின் கூட்டுறவு நிறுவனமாயிற்று என்பது தனியே எழுதத்தக்க செய்தி.) இரு மின்கலங்களுக்கும் இடையிலான எடை வேறுபாடு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எனக் கொள்ளலாம்.

இத்தெரிவைக் கண்டியின் மலைகளில் வைத்து ஆராய்வதே பொருத்தமாகும். பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது. அதன் பின்னே எழும் ஹந்தானை மலைத்தொடரின் உச்சிகள் 1,100 மீற்றரை எட்டுகின்றன. மாணவன் ஒருவன் வண்டி, பை, தண்ணீர் என்பன உட்பட 90 கிலோகிராம் எடையோடு இந்த 600 மீற்றரையும் ஏறுவானாயின், புவியீர்ப்புக்கு எதிராக அவன் செலுத்த வேண்டிய சக்தி ஏறத்தாழ 147 உவாற்று மணி ஆகும். மோட்டரில் வெப்பமாக வீணாவதையும் பாதையின் உராய்வையும் சேர்த்து அதனை 220 எனக் கொள்வோம். பாதியை அவனுடைய கால்கள் தாங்கினால் மின்கலத்திலிருந்து செலவாவது 110 அளவேயாகும். ஆகவே சிறிய மின்கலம் ஒரே நாளில் மும்முறை அவனை மலையேற்றும். பெரியது ஐந்து முறை ஏற்றும். ஒரே நாளில் ஹந்தானையை ஐந்து முறை ஏறும் மாணவனுக்கு விரிவுரைகள் இல்லையென்பது தெளிவு.

இவ்விடத்திற் சிறியதே சிறந்தது என முடிவு கட்டுவோர் பலர். எடை குறைவே எளிமை, எளிமையே அறம் என்பது அவர்தம் வாதம். ஆனால் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. மேலதிகமான ஒரு கிலோகிராமை 600 மீற்றர் உயர்த்துவதற்குத் தேவைப்படும் சக்தி இரண்டு உவாற்று மணிக்கும் குறைவானது. அந்த ஒரு கிலோகிராம் கொண்டுவரும் சக்தியோ 210 உவாற்று மணி. சுமையொன்று தன்னைச் சுமக்கும் செலவைப்போல் நூறு மடங்கை ஈட்டித் தருமாயின் அதனைச் சுமையென்று பழித்தல் முறையன்று. கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் வண்டியைத் தூக்கித் தாண்டும்போது அக்கிலோகிராம் கைக்குத் தெரியும் என்பது உண்மையே. எனினும் அது வசதி பற்றிய பேச்சேயன்றி அறம் பற்றிய பேச்சன்று. மேலும், இவ்வகை மின்கலங்கள் சில நூறு முறை நிரப்பி வெறுமையாக்கப்பட்டபின் ஐந்திலொரு பங்கு கொள்ளளவை இழப்பது வழக்கம். இன்று 420 ஆக இருப்பது சில ஆண்டுகளில் 340 ஆகிவிடும். எளிமையை விரும்பியோன் ஈராண்டில் இன்னொன்று வாங்குவானாயின் எளிமை எங்கே போயிற்று?

வேறொரு சாராரும் உளர். மின்கலமே வேண்டா, மனிதனுக்குக் கால்கள் உள்ளன என்பர். இருபது வயதினரிடமே இவ்வாதம் பெரிதும் கேட்கப்படுகின்றது. முழங்கால் தேய்ந்தவரும் இதயநோய் கண்டவரும் மலையைக் காண விரும்பக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் எடைபோடச் சொல்லும் நான்கனுள் துணையின் வலியும் ஒன்று என்பது ஈண்டு நினைக்கற்பாலது. துணை கொள்வது இழிவன்று.

எனவே வினா எடையைப் பற்றியதுமன்று, துணையைப் பற்றியதுமன்று, கையிருப்பைப் பற்றியது. ஒருவன் தன் தேவைக்கு மேலாக ஏன் வைத்திருக்க விரும்புகின்றான்? வழியில் நின்றுவிடுமோ என்னும் அச்சத்தாலேயே. இவ்வச்சத்தை இலங்கையர் அண்மையில் நன்கு அறிந்தனர். 2022 மார்ச் 31 ஆந் திகதி நாடெங்கும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிகழ்ந்தது. யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பெற்றோல் வழங்குவது நிறுத்தப்பட்டது. யூலையிற் கியூ.ஆர். குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, மோட்டர் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. பங்கீட்டுக்கு முன்னரான நாள்களில், நாளை கிடையாதோ என்றஞ்சியோர் அரைவாசி நிறைந்த தாங்கியோடும் வரிசையில் நின்றனர், கலன்களிலும் நிரப்பினர். அவர்களுள் எவரையும் தீயவர் எனல் இயலாது. தனித்தனியே நோக்குமிடத்து ஒவ்வொருவர் செயலும் நியாயமானதே. ஆயினும் அந்நியாயங்கள் யாவுஞ் சேர்ந்து வரிசையை நீட்டின. உண்மையாகவே வெறுந்தாங்கியோடு நின்றவனை வரிசையின் இறுதிக்குத் தள்ளின. ஒருவனுடைய கையிருப்பு வேறொருவனுடைய இன்மையாகும் விதத்தை அம்மாதங்கள் காட்டின.

துவிச்சக்கர வண்டியின் மின்கலம் இதனின்றும் வேறானது எனலாம். 630 உவாற்று மணி என்பது ஓர் அலகு மின்சாரத்தின் மூன்றில் இரு பங்குதானும் இல்லை. அதனை நிரப்புவதால் அயலவன் வீட்டு விளக்கு அணைந்துவிடாது. இது பெரும்பாலும் சரியே. ஆனால் மின்கலம் மின்சாரத்தால் மட்டும் ஆனதன்று. அதனுள் இலிதியம் உண்டு. பல வகைகளிற் கொபாற்றும் உண்டு. கொபாற்றிற் பெரும்பகுதி கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. அதன் எதிர்மின்வாயிற் பயன்படுவது காரீயம். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தின் காரீயம் தூய்மைக்குப் பேர்பெற்றது என்பதைக் கண்டியில் வாழ்வோர் அறிவர். நிலத்தின் அடியிலே எவரோ வெட்டியெடுத்ததை ஒருவன் ஒருபோதும் ஏறாத ஏற்றத்துக்காக வண்டியினுள் அடைத்து வைத்திருத்தல் தகுமா என்பது கேட்கத்தக்க வினாவே. இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இலிதிய மின்கலத்தை எந்நேரமும் முழுமையாக நிரப்பி வெப்பத்தில் வைத்திருத்தல் அதன் ஆயுளைக் குறைக்கும். அச்சத்தினால் நிரப்புவோன் தன் கையிருப்பைத் தானே அழிக்கின்றான்.

இவான் இல்லிச் 1974 இல் வெளியிட்ட 'சக்தியும் சமத்துவமும்' என்னும் சிறுநூல் இவ்விடத்தில் உதவும். ஒரு சமூகத்திற் சக்தியின் நுகர்வு குறிப்பிட்ட எல்லையைக் கடக்குமாயின், அது மனிதரை விடுவிப்பதற்கு மாறாக அவர்களிடையே ஏற்றத்தாழ்வை வளர்க்கும் என்பது அவர் கருத்து. போக்குவரத்தில் அவ்வெல்லையை மணிக்கு 15 மைல் என்றார். துவிச்சக்கர வண்டியை அதற்குட்பட்ட உயரிய கருவியெனப் போற்றினார். பதினைந்து மைல் என்பது 24 கிலோமீற்றர். ஐரோப்பியச் சட்டம் வகுத்த எல்லைக்கு அது வெகு அண்மையில் இருப்பது தற்செயலாயினும் சுவையானது. ஆயினும் இல்லிச் சராசரி மனிதனையும் சமதரையையுமே பெரிதும் மனத்திற் கொண்டு எழுதினார் போலும். கண்டியைச் சூழ்ந்த நிலம் சமதரையன்று. இங்கு எல்லாரும் ஒரே திசையில் ஏறுவதுமில்லை.

இதுவே இவ்வாராய்ச்சியின் முக்கிய இடம். பேராதனையில் வதியும் மாணவனுக்கு மலை காலையில் வருகின்றது. நிறைந்த மின்கலத்தோடு ஏறுகின்றான். உச்சியில் அது தீர்ந்துபோனாலும் அவனுக்குக் கேடில்லை. வீடு கீழே உள்ளது. பிறேக்கைப் பிடித்தவண்ணம் இறங்கி இராச்சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அவனுடைய தவறான கணிப்பைப் புவியீர்ப்பு மன்னித்துவிடும். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து கண்டி நகரில் வேலை செய்யும் ஒருவனை இனி எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் காலையில் இறங்குகின்றான்; அதற்கு மின்கலமே வேண்டாம். மாலையில், நாள் முழுதும் நின்று களைத்த கால்களோடு, 1925 இற் கட்டப்பட்டு இன்று தேயிலை நூதனசாலையாக விளங்கும் பழைய தொழிற்சாலையையும் கடந்து ஏறுகின்றான். மழை வரும், இருள் சூழும். இடையில் மின்கலம் தீர்ந்தால் எஞ்சிய ஏற்றம் முழுவதும் அவனுடைய தோளுக்கே வரும். முதலாமவனுக்குக் கையிருப்பு ஒரு மிகை. இரண்டாமவனுக்கு அதுவே வீடு திரும்பும் உறுதி. பாதை ஒன்றே, உயரம் ஒன்றே, மின்கலமும் ஒன்றே.

எளிமையைப் போற்றும் குரல் பெரும்பாலும் அடிவாரத்திலிருந்தே எழுவதன் காரணம் இதனால் விளங்கும். குறைவோடு அமைதல் என்பது, குறைந்தபோது தாங்கிக்கொள்ளும் நிலம் காலடியில் உள்ளவனுக்கு எளிதான அறம். அது பொய்யான அறம் என்பதன்று. அவனுக்கு அது பொருந்துவதே; சிறிய மின்கலம் அவனுக்கு உண்மையாகவே நன்மை செய்யும். பெரியது இருப்பின் பெரும்பாலும் மிகுந்த துணைவிசையை இட்டு, ஏற்றத்தை உணராமலே ஏறிவிடுவான். சிறியது இருப்பின், எங்கே துணை கொள்வது, எங்கே தன் காலை நம்புவது என வளைவுதோறும் எண்ணுவான். மலையையும் தன்னையும் ஒருங்கே அறிவான். ஆனால் தனக்குப் பொருந்துவதை மேட்டில் வாழ்வோனுக்கும் விதியாக அவன் கூற முற்படுங்காலே அறம் உபதேசமாகத் திரிகின்றது.

மூன்றாவது வகையினர் ஒருவரும் உளர். கண்டிக்கு வடகிழக்கேயுள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அத்தகைய மலைகளுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியின் நிலை வேறானது. தன் தேவையை மட்டும் அளந்து சிறிய மின்கலத்தோடு வரும் வழிகாட்டியை எளிமையானவன் எனப் பாராட்டுதல் இயலுமா? கூட வந்தவருள் ஒருவர் காலை முறித்துக்கொண்டால், உதவி தேடி மீண்டும் ஏற வேண்டியவன் அவனே. அவன் சுமக்கும் 210 உவாற்று மணி அவனுடையதன்று. இன்னாரென்று இன்னும் தெரியாத ஒருவருடையது. 2022 இல் வீட்டிற் கலன் நிரப்பி வைத்தவனின் கையிருப்பும் வழிகாட்டியின் கையிருப்பும் அளவால் ஒத்திருக்கலாம். எவர் பொருட்டு வைக்கப்பட்டது என்பதில் அவை வேறுபடுகின்றன.

பேராதனை மாணவன் எதனை வாங்குதல் வேண்டும்? சிறியதையே வாங்கலாம். அவன் வீடு கீழேயுள்ளது. அவன் எவரையும் அழைத்துச் செல்வதுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் வாழ்வோனுக்குப் பெரியதே தகும். ஆனால் இத்தெரிவு அவனுக்கு உண்டோ? வண்டி ஐயாயிரம் யூரோ எனக் கொண்டால், யூரோ முந்நூறு ரூபாவுக்குக் கணித்தாலும் பதினைந்து இலட்சம் ரூபாவாகும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், வருகைக் கொடுப்பனவையுஞ் சேர்த்து 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. முந்திய கணக்கிற் பார்த்தால், ஒரு சதமேனும் உண்ணாது உடாது சேர்த்தாலும் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட வேலைநாள்கள் வேண்டும். கையிருப்பு யாருக்கு மிகத் தேவையோ அவனுக்கு அது எட்டாதிருக்கின்றது. யாருக்குத் தேவையில்லையோ அவன் 420 ஆ 630 ஆ என மாலை முழுதும் ஆராய்கின்றான்.

அம்மாலையிலேயே, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மடித்த சாக்கைத் தலையிலிட்டவாறு, மழைக்கு முன் லயத்தை அடைய விரைவோர் அதே பாதையில் ஏறிக்கொண்டிருக்கின்றனர்.