வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2024 ஜூன் மாதம் ஒரு சட்டம் வந்தது. மழலையர் வகுப்பு தொடங்கிப் பல்கலைக்கழகம்வரை, அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும். பலகை 11 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்ற அளவுக்குக் குறையக் கூடாது. எழுத்து பெரிதாக, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும். ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கையெழுத்திட்ட சில நாட்களிலேயே ஒன்பது குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகரும், யூதர்களும், எந்த மதத்தையும் சாராதவர்களும் அந்தக் குடும்பங்களில் இருந்தார்கள். மறு ஆண்டே ஆர்கன்சாஸும் டெக்சாஸும் அதே வழியில் சட்டம் இயற்றின.

இந்தச் செய்தியோடுதான் சீடன் குருவிடம் வந்தான். சட்டம் படித்தவன், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவன். அரசமைப்புச் சட்டத்தை நெடுங்காலம் கற்பித்த குருவிடம் தன் மனத்தாங்கலை மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

“ஐயா, கொலை செய்யாதே, திருடாதே, பெற்றோரை மதி என்று சுவரில் எழுதிவைத்தால் எந்தப் பிள்ளை கெட்டுப்போகும்? இதற்கு ஏன் நீதிமன்றம்வரை போகிறார்கள்?”

“எந்தப் பத்து, தம்பி?” என்றார் குரு.

சீடன் விழித்தான். குரு விளக்கினார். “கொலைக்கு எதிரான கட்டளை உன் சபையில் எத்தனையாவது? ஆறாவது. அடுத்த தெருக் கத்தோலிக்கப் பிள்ளை மறைக்கல்வி வகுப்பில் அதை ஐந்தாவது என்று படிக்கிறான். சிலைகள் பற்றிய வரியை அவர்கள் முதல் கட்டளைக்குள் அடக்குகிறார்கள்; நீங்கள் தனிக் கட்டளையாக வைக்கிறீர்கள். எகிப்திலிருந்து மீட்ட ஆண்டவர் நானே என்ற அறிவிப்பையே யூதர்கள் முதலாவதாக எண்ணுகிறார்கள். லூசியானா எண் போடாமல் நழுவியது. ஆனால் எந்த வரிகள், எந்தச் சொற்கள் என்பதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. கிங் ஜேம்ஸ் வேதாகமத்தைத் தழுவிய சுருக்கம் அது. வேத வாக்கியத்தின் சரியான வடிவம் எது என்று முடிவுசெய்ய ஒரு சட்டமன்றத்துக்கு என்ன தகுதி இருக்கிறது?”

“அது சிறிய வேறுபாடுதானே?”

“பிலடெல்பியாவில் 1844இல் அது சிறியதாக இருக்கவில்லை. அங்கே அரசுப் பள்ளிகளில் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தைத்தான் தினமும் வாசித்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் விவிலியத்தை வாசிக்க அனுமதியுங்கள் என்று ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் 1842இல் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதினார். அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்குள் கத்தோலிக்கர்கள் பள்ளியிலிருந்து வேதாகமத்தையே விரட்டப் பார்க்கிறார்கள் என்று வதந்தி பரவியது. 1844 மே மாதம் கலவரம் வெடித்தது, ஜூலையில் மறுபடியும். புனித மிக்கேல் ஆலயமும் புனித அகஸ்டின் ஆலயமும் எரிந்தன. பலர் செத்தார்கள். எரித்தவர்கள் கிறிஸ்தவர்கள், எரிந்ததும் கிறிஸ்தவர்களின் ஆலயம். பள்ளியில் வேதம் இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை என்பதை மறந்துவிடாதே.”

சீடன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தன் வாதத்தை வேறு இடத்தில் ஊன்றினான். கிறிஸ்தவத்தை அரசிலிருந்து விலக்கியவர்கள் விசுவாசம் குறைந்த அறிவுஜீவிகள் என்றும், அதிபர் ஜெஃபர்சனைப் போன்றவர்கள் எளிய விசுவாசிகளின் தலைமேல் அதைச் சுமத்தினார்கள் என்றும் அவன் கேள்விப்பட்டிருந்தான். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. குரு அதைச் சொல்லும்போது அவர் குரலில் பரிவு ஏறியது.

“வர்ஜீனியாவில் அமெரிக்க விடுதலைக்கு முன் ஆங்கிலிக்கன் சபைதான் அரசுச் சபை. உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். பின்னாளில் அதிபரான மேடிசன், இளைஞராக 1774இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து மாவட்டத்துச் சிறையில் கிடந்த ஐந்தாறு பேரைப் பற்றி வெகுண்டு எழுதினார். வரி இன்னொரு கொடுமை. கனெக்டிகட்டில் ஐசக் பேக்கஸ் என்ற போதகரின் தாயை, சபை வரி கட்டவில்லை என்று 1752இல் சிறையில் அடைத்தார்கள். விதவைத் தாய், தம்பி. அவர் குற்றம், அரசு குறிப்பிட்ட சபைக்குப் பதிலாகத் தன் மனசாட்சி சொன்ன சபைக்குப் போனது.

“1784இல் வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதா கொண்டுவந்தார். பார்க்கத் தாராளமாகவே இருந்தது: எல்லாரும் வரி கட்ட வேண்டும், ஆனால் அந்தப் பணம் எந்தக் கிறிஸ்தவப் போதகருக்குப் போக வேண்டும் என்று கட்டுபவரே சொல்லலாம். மேடிசன் எதிர்த்து ஒரு மனு எழுதினார். மற்ற மதங்களைத் தள்ளிக் கிறிஸ்தவத்தை நிறுவ முடிகிற அதிகாரம், மற்ற சபைகளைத் தள்ளி ஒரே சபையையும் நிறுவ முடியும் என்பது அதன் உயிர்நாடி. ஆனால் மாநிலமெங்கும் சுற்றிவந்த மனுக்களில் மேடிசனுடையதைவிட அதிகக் கையெழுத்து வாங்கியது எது தெரியுமா? இந்த வரி சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதமானது என்று விசுவாசிகள் எழுதிய மனு. மசோதா செத்தது. 1786 ஜனவரியில், ஜெஃபர்சன் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அதைச் சுமந்து கரைசேர்த்த தோள்களில் பாதி பாப்டிஸ்ட்டுகளுடையவை.”

“ஆனாலும் ஐயா, ஜெஃபர்சன் சுவர் என்றாரே? சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிவினைச் சுவர். விசுவாசி வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே அதன் பொருள்?”

“அந்தச் சொல் வரும் கடிதம் எழுதப்பட்டது 1802 ஜனவரி 1. டான்பரி ஊர் பாப்டிஸ்ட்டுகளுக்கு எழுதியது. அதே நாளில்தான் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், மாசசூசெட்ஸின் செஷயர் ஊரார் செய்த 1,235 பவுண்ட் எடையுள்ள பாலாடைக்கட்டியை வெள்ளை மாளிகையில் ஜெஃபர்சனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அதே லேலண்ட் நாடாளுமன்றத்தின் மக்களவை மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். ஜெஃபர்சன் உட்கார்ந்து கேட்டார். சுவரைப் பற்றி எழுதிய மை காய்வதற்குள் அரசுக் கட்டடத்தில் ஆராதனை! என் தரப்பாருக்கு இது சங்கடமான செய்திதான். ஆனால் லேலண்டுக்கு இதில் முரண் தெரியவில்லை. பிரசங்கிக்க அவர் யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரைக் கேட்க யாரும் கட்டாயப்படுத்தப்படவும் இல்லை.”

சீடன் இந்த இடத்தைப் பற்றிக்கொண்டான். அவன் எழுப்பிய கேள்வி இந்த விவாதத்திலேயே கடினமானது. மதச்சார்பின்மை பேசும் பலர் இதை நேராகச் சந்திப்பதில்லை.

“அப்படியானால் மார்ட்டின் லூதர் கிங்கை எங்கே வைப்பீர்கள்? அவர் போதகர். 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதியபோது, அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்பதற்குப் புனித அகஸ்டினையும் அக்குவினாஸையும் துணைக்கு அழைத்தார். அந்தக் குரல் இல்லாமல் 1964 குடிமை உரிமைகள் சட்டம் வந்திருக்குமா? ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஏதோ ஓர் அறம் இருக்கிறது. அது தத்துவவாதி மில்லிடமிருந்து வந்தால் உள்ளே வா, மோசேயிடமிருந்து வந்தால் வெளியே நில் என்பது என்ன நியாயம்?”

“நியாயமே இல்லை” என்றார் குரு. “விசுவாசி தன் விசுவாசத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்பவனோடு நான் சேர மாட்டேன். ஆனால் இன்னொருவரையும் பார். வர்ஜீனியாவில் வெள்ளையர் ஒருவரும் கறுப்பினப் பெண் ஒருவரும் மணந்துகொண்டது குற்றமானது. அந்த வழக்கில் 1965இல் நீதிபதி லியான் பாசில் எழுதினார்: எல்லாம்வல்ல கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அவை கலக்கக் கூடாது என்பதே அவர் எண்ணம். அவரும் வேதம் படித்தவர். அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் 1845இல் பிரிந்துபோன தென்னக பாப்டிஸ்ட்டுகளும் வேதம் படித்தவர்கள். கிங்கின் கடிதமே அலபாமாவின் மதத் தலைவர்கள் எட்டுப் பேருக்கு எழுதிய பதில்தான்.”

“அப்படியென்றால் வேதம் எதையும் தீர்க்கவில்லை என்கிறீர்களா?”

“உன் மனத்தில் அது தீர்க்கட்டும். சட்டத்தில், நம்பாதவனிடம் அது என்ன கேட்கிறது என்று பார். கிங் கேட்ட சட்டம் நம்பாதவனை மண்டியிடச் சொல்லவில்லை. ஒரு நாத்திகக் கறுப்பினத்தவனும் உணவகத்தில் உட்காரலாம் என்றது. அதன் நியாயத்தை யூதரும் இந்துவும் கடவுளே இல்லை என்பவரும் சோதித்துப் பார்க்க முடிந்தது. பாசிலின் தீர்ப்பிலிருந்து கடவுளின் எண்ணம் என்ற ஒரு வரியை எடுத்துவிட்டால் அதைத் தாங்கப் பொது நியாயம் எதுவும் மிஞ்சாது. உச்ச நீதிமன்றம் 1967இல் ஒருமனதாக அதைத் தூக்கியெறிந்தது.”

சீடன் தலையசைத்தான், ஆனால் விடவில்லை. ஞாயிறு விடுமுறை? அது ஆண்டவரின் நாள்தானே, அதை யாரும் எதிர்க்கவில்லையே என்றான்.

எதிர்த்தார்கள். ஞாயிறு கடையடைப்புச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் விசாரித்தது. தோற்றத்தில் அவை மதச் சட்டங்கள்தான், ஆனால் காலப்போக்கில் எல்லாருக்கும் ஓய்வு தருகிற சட்டங்களாகிவிட்டன என்று சொல்லி அவற்றை ஏற்றது. இந்த வாதம் தவறில்லை. ஆனால் அதே நாளில் பிலடெல்பியாவின் யூதக் கடைக்காரர்களும் தோற்றார்கள். அவர்கள் மதம் சனிக்கிழமை கடையைப் பூட்டச் சொன்னது, சட்டம் ஞாயிற்றுக்கிழமை பூட்டச் சொன்னது. அண்டைக் கடைக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் வியாபாரம், இவர்களுக்கு ஐந்து. “பெரும்பான்மையின் பழக்கம் சட்டமாகும்போது பெரும்பான்மைக்கு அதன் எடை தெரிவதில்லை” என்று குரு சொன்னபோது, இந்த ஒரு வழக்கைத்தான் மனத்தில் வைத்திருந்தார்.

“இங்கிலாந்தைப் பாருங்கள்” என்றான் சீடன். “26 பிஷப்புகள் இன்றும் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசரே திருச்சபையின் தலைவர். அங்கே சுதந்திரம் இல்லையா?”

“இருக்கிறது, நிறையவே இருக்கிறது. எப்படி வந்தது என்று பார். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 ஆனது. யூதருக்கு 1858. நாத்திகரான சார்ல்ஸ் பிராட்லா 1880இல் நார்தாம்ப்டனில் வென்றும், உறுதிமொழித் தகராறில் மீண்டும் மீண்டும் வெளியே தள்ளப்பட்டு, 1886இல்தான் இருக்கையில் அமர்ந்தார். தெய்வநிந்தனைச் சட்டம் 2008வரை உயிரோடு இருந்தது. ருஷ்டியின் நாவலுக்கு எதிராக முஸ்லிம்கள் அதன் கீழ் வழக்குப் போட முயன்றபோது, அது கிறிஸ்தவத்தை மட்டும்தான் காக்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு படியிலும் அரசுச் சபை ஓர் அடி பின்வாங்கியபோதுதான் ஒரு கூட்டத்தார் உள்ளே வந்தார்கள். நார்வே 2012இல் தன் அரசமைப்பையே திருத்தி லுத்தரன் சபையை அரசு மதம் என்ற இடத்திலிருந்து இறக்கியது. அதனால் அங்கே யாருடைய ஜெபமும் நின்றுவிடவில்லை.”

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இழை உண்டு. கொடிவணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1940இல் சொன்னது. அதன்பின் அந்தச் சபையாரைக் கும்பல்கள் அடித்தன. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்கள் கூடுமிடம் எரிந்தது. மூன்றே ஆண்டில், 1943இல், நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. கேரளத்தில் தேசியகீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற அதே சபைப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியபோது, இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்கத் தீர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். குரு இதைச் சொன்னதும் சீடனின் முகம் இளகியது. அந்த மூன்று பிள்ளைகளின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது அவனுக்குக் கடினமாக இல்லை.

“சரி ஐயா, லூசியானா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் வருகிறேன். பள்ளிக்குப் போவது கட்டாயம். சுவரை விட்டுப் பார்வையைத் திருப்பப் பிள்ளையால் முடியாது. ஆனால் பிரெமர்ட்டன் பள்ளி வழக்கு? அங்கே ஓர் உதவிப் பயிற்றுநர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டு ஜெபித்தார். அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் 2022இல் ஆறுக்கு மூன்றாக அவர் பக்கம் நின்றது. நானும் நிற்கிறேன்.”

“தனியாக மண்டியிட்டிருந்தால் நானும் நின்றிருப்பேன். நீதிபதி சோட்டோமேயர் தன் மாறுபட்ட தீர்ப்பில் படங்களையே சேர்த்தார்: பயிற்றுநரைச் சுற்றி ஆட்டக்காரர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். வழக்கின் ஆவணங்களில் ஒரு தகப்பனின் முறையீடு இருக்கிறது. அவர் மகன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறைந்துவிடும் என்று பயந்து சேர்ந்துகொண்டான்.”

“அந்தப் பையனை அணியில் எடுக்காமல் விட்டிருந்தால் அது குற்றம், தண்டிக்கலாம். அப்படி நடந்ததற்குச் சான்று இல்லையே?”

“அவன்தான் மண்டியிட்டுவிட்டானே, தம்பி. பின் எப்படிச் சான்று கிடைக்கும்?”

சீடன் ஒப்பவில்லை. அரசு ஊழியன் வேலை நேரம் முடியும்வரை ஆத்துமாவை அடகு வைக்க வேண்டுமா, உணவகத்தில் பயிற்றுநர் தலைகுனிந்து ஸ்தோத்திரம் செய்தால் அதையும் தடுப்பீர்களா என்று கேட்டான். உணவகத்தில் தடுக்க மாட்டேன், ஆனால் அணித் தேர்வுப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் மைதான நடுவில் செய்வது வேறு என்றார் குரு. கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் இருவரும் உடன்படவில்லை. சோட்டோமேயரின் தீர்ப்பைப் படங்களோடு படித்துவிட்டு வருவதாகச் சீடன் சொன்னான். நீதிபதி கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தானும் மறுபடி படித்துவைப்பதாகக் குரு ஒப்புக்கொண்டார்.