கத்தரிக்கோல் பட்ட படங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய அல்பங்களில் கத்தரிக்கோல் பட்ட படங்கள் அங்கங்கே அகப்படும். குடும்பப் படமொன்றில் ஓராள் நின்ற இடம் மட்டும் மேலிருந்து கீழாக நறுக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் தங்கையின் தோளில் அவருடைய நாலு விரல்கள் எஞ்சியிருக்கும்.

ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படம் வீட்டில் இருப்பதே இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் ஆபத்து. பலர் எரித்தார்கள், சிலர் பொலித்தீனில் சுற்றி வளவில் புதைத்தார்கள். முழுப்படத்தையும் அழிக்க மனம் வராத தாய்மார் பிள்ளையை மட்டும் வெட்டினார்கள். விரல்களையும் எடுத்தால் தங்கையின் தோள் போய்விடும் என்று விட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா?

முன்பெல்லாம் படம் எடுப்பதென்றால் குடும்பமே வெளிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போகும். சித்திரத் திரைக்கு முன்னால் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி, தோளில் கை போடச் சொல்வதும் படக்காரர்தான். அந்த விரல்கள் சொல்லிப் போட்டவையா, தானாய்ப் போட்டவையா என்பதும் இனித் தெரியாது.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது காணி உறுதிகளோடு சில படங்களும் போயின. விட்டுவந்தவற்றை மழையும் கறையானும் தின்றன. மிஞ்சியவற்றுள், ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்கக் கூடாது. கண்ணாடியோடேயே ஸ்கான் செய்ய வேண்டும். பசைத்தாள் அல்பத்தில் உள்ளவற்றை மெல்லக் கழற்றி அமிலமற்ற தாளுறைக்கு மாற்றலாம். பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டை மெதுவாகப் பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை ஊறி முன்பக்கம் வரும். எல்லாவற்றுக்கும் முதல், முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய மூத்தவர்களிடம் கேட்டுவிட வேண்டும். பிரதியும் வேறிடத்தில் இருக்க வேண்டும். 1981இல் பொதுநூலகம் எரிந்த ஊருக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

வெட்டிய படத்தின் பின்னால் யார் பெயரை எழுதுவது? எழுதினால், தாய் மறைத்ததை வெளியே எடுத்ததாகும். எழுதாவிட்டால், ரொறன்ரோவில் வளரும் பேரப்பிள்ளைக்கு அது யாரோ ஒருவரின் கை. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1980இல் வெளிவந்த தன் ஒளிப்பட நூலில் தாயின் சிறுவயதுப் படமொன்றைப் பற்றி நெடுக எழுதினார். அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மறைத்து வைப்பதும் காப்பதில் சேரும் என்று அதிலிருந்து கொள்ளலாம். ஆனால் அது அவராகத் தெரிந்தெடுத்தது. இங்கே கத்தரிக்கோலை எடுக்க வைத்தது பயம்.

பெயரை வேறு தாளில் எழுதி, உறையிலிட்டு, படத்தோடு சேர்த்து வைக்கலாம். அது தாயின் முடிவை மதிப்பதா, அந்தப் பிள்ளையை இன்னொருமுறை ஒளிப்பதா என்பது தெளிவாகவில்லை.