பஸ் நின்றால் யார் நடக்கிறார்கள்?

2018 ஜனவரி 4 சாயங்காலம் தொடங்கி 11ஆம் தேதி இரவு வரை தமிழ்நாட்டில் அரசு பஸ்கள் பெரும்பாலும் ஓடவில்லை. சங்கங்கள் அடிப்படைச் சம்பளத்தை 2.57ஆல் பெருக்கச் சொன்னார்கள். அரசு 2.44 என்றது. ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி வேறு. மறுநாளே வேலைக்குத் திரும்பச் சொன்னது உயர் நீதிமன்றம். எங்கும் ஒரே பேச்சு: பொதுமக்கள் அவதி.

யார் இந்தப் பொதுமக்கள்? கார் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குள்ளிருந்த குடிசைகளைப் பிடுங்கி கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்ப் போட்டார்களே, அந்தச் சனங்கள். பெரும்பாலும் நம்ம சனங்கள். வீடு அங்கே, வேலை மயிலாப்பூரில், அடையாறில். பாத்திரம் துலக்கப் போகிற பொம்பளை ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் மிஞ்சுவது என்ன? நாலு நாள் போகலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அவள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, ஆனால் அவளுக்கும் கூலி நின்றது.

அப்படியானால் வேலைநிறுத்தம் தப்பா? இல்லை. அவளை அத்தனை தூரத்தில் தள்ளியபோது இவ்வளவு பெரிய எழுத்தில் யாரும் அவதி என்று எழுதிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதே ஜனவரி 20இல் கட்டணத்தை ஏற்றியதும் அரசுதான்.

இன்னொரு பஸ் மறுப்பும் நமக்குத் தெரியும். 1997இல் விருதுநகர்ப் பக்கத்துப் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. சாதிக்காகப் பஸ்ஸை மறுத்தவனுக்கு அரசு வளைந்தது. சம்பளத்துக்காக நிறுத்தியவனிடம் தற்காலிக டிரைவரைக் காட்டியது.

ஆனால் இதைச் சொல்லிச் சங்கத் தோழர்களை விட்டுவிட எனக்கு மனசில்லை. கண்டக்டர் வேலைதான் முதல் அரசு வேலை என்று இருக்கிற வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அந்த வேலைக்கான போராட்டத்தின் பாரத்தில் ஒரு பங்கைச் சங்கமே இல்லாத அவள் சுமக்கிறாள். சுமக்கச் சொல்லலாம். கேட்காமல் சுமத்தலாமா? கேட்டால் அவள் சம்மதிக்கவும் கூடும். கூலி பாக்கி என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுக்கும்போது ஒரு பிரதியைக் கண்ணகி நகர் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டுங்கள் தோழர்களே. படிக்கத் தெரியாதவங்க இருப்பாங்க, பக்கத்துல ஒருத்தர் நின்னு படிச்சுச் சொல்லணும். அவங்க திருப்பித் திட்டினா அதையும் கேட்டுக்கணும்.