கிணற்றடிக் கேள்வி



தத்துவம் என்றாலே அது படித்தவர்கள் காரியம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். திருஏடு வாசிப்பில் கண் கலங்கக் கேட்கிறோம். மறுநாள் தோட்டத்துக்குப் போனதும் அது வேறு, பிழைப்பு வேறு. நானும் அப்படித்தான் இருந்தேன், பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சி ஒரு குடத்தோடு வந்து நிற்கும் வரைக்கும்.

எங்கள் ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். கம்பம் பக்கத்து வயல்களைப் போல முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் எங்களுக்குத் தாராளமில்லை. கொடிக்குக் கிணறும் போரும்தான். ஒரு வருஷம் கவாத்து முடிந்து தளிர் விடும் நேரத்தில் தண்ணீர் குறைந்தது. கடன் வாங்கிப் புதுப் போரை ஆழமாகப் போட்டேன். தண்ணீர் வந்தது. கொஞ்ச நாளில் பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது. குடத்தை என் தொட்டியில் முக்கிக்கொண்டே அந்தத் தங்கச்சி சிரித்தபடி கேட்டது: “அண்ணே, எங்க கெணத்துத் தண்ணிதான உங்க போர்ல வருது?”

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நிலம் என்னுடையது, கடனும் என்னுடையது. தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது என்றார் தெரிந்த வக்கீல். எல்லாம் சரி. ஆனால் பூமிக்கு அடியில் யார் எல்லைக்கல் ஊன்றினார்கள்?

அப்போதுதான் சாமிதோப்பு முத்திரிக்கிணறு நினைவுக்கு வந்தது. கிணற்றில் இறைக்கக்கூட சாதி பார்த்த திருவிதாங்கூர் காலத்தில், எல்லாச் சாதி மக்களையும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார் அய்யா வைகுண்டர். இந்தத் தண்ணீர் யாருடையது என்ற கேள்வியைத்தான் அவர் அங்கே வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவனும் வாளியைக் கையில் எடுத்தவுடன் அதைப் புரிந்துகொண்டான். கிரேக்க நாட்டு சாக்ரடீசும் ஏதென்ஸ் கடைத்தெருவில் நின்று, நீதி என்றால் என்ன என்று போகிறவர் வருகிறவரிடம் கேட்டார் என்பார்கள். அய்யா கேட்டதோடு நிற்கவில்லை, வாளியையும் கையில் கொடுத்தார்.

என் போர் யாருடைய சாதியையும் கேட்கவில்லை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது வேறொன்றைக் கேட்டது: இன்னும் ஆழமாகப் போடப் பணம் யாரிடம் இருக்கிறது? அந்தக் காலத்தில் சாதி காத்த கிணற்றை இன்றைக்குக் குழாயின் நீளம் காக்கிறது.

அடுத்த முறை சாமிதோப்புக்குப் போனபோது முத்திரிக்கிணற்றில் குளித்து, தலைப்பாகை கட்டி, பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றேன். பதியில் சிலை இல்லை. கண்ணாடியில் தெரிவது நாம்தான். எத்தனையோ தடவை நின்ற இடம். அன்றைக்கு மட்டும் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் என் தொட்டியிலிருந்து அவர்கள் கொடிக்கு ஒரு குழாய் இழுத்தேன். தினம் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு. “பெரிய தர்மம் செய்தீர்கள்” என்றார் உடன் வந்திருந்த ஒருவர். வயதான அய்யாவழி அன்பர் ஒருவர் குறுக்கிட்டார்: “அவங்க தண்ணிய அவங்களுக்குக் குடுக்குறது எப்படிப்பா தர்மக் கணக்குல வரும்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மோட்டாரைப் போடும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன்.