ஏவியவர் பங்கு

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பக்கம் தென்பட்டது. தாயகத்தில் அதை அடக்கிவைத்த எதிரிகள் இங்கே இல்லை; பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளைவெள்ளையாகப் படர்ந்தது. உடம்பின் மெழுகுப் பூச்சு பூச்சிமருந்தை உள்ளே விடவில்லை. மல்பெரியில் மருந்தடித்தாலோ, அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் செத்துவிடும். (அந்தப் புழுவைக் கூட்டோடு அவித்துத்தான் நூல் எடுக்கிறோம் என்பதும் கொலைக் கணக்கில் சேர வேண்டியது.) 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுக்குள் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சியின் உடல் பழுப்பேறி, உப்பி, விறைத்த கூடாகும். அதில் துளையிட்டுப் புதுக் குளவி வெளிவரும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது.

கொல்லாமையை அறமாகக் கொண்டவர்கள் பலருக்கு இது நிம்மதி தருகிறது: கொல்வது நாமல்ல, இயற்கை தன் வேலையைச் செய்கிறது. அந்த நிம்மதிக்கு நமக்கு உரிமை இல்லை. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் மூன்றையும் சமணம் வினையென்றே கொள்கிறது. கடல்கடந்து தேடிக் கொண்டுவந்து விடுகிறவர் செய்விப்பவரே. குளவியின் புழுவுக்கு வேறு உணவு இல்லை. நமக்கோ யோசித்து முடிவெடுக்க இடமிருந்தது. கருணையுள்ள கடவுள் இத்தகைய குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என டார்வின் 1860இல் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதினார். அவர் படைத்தவரை நோக்கி எழுப்பிய கேள்வி, குளவியை ஏவும் நம்மிடமே வந்து நிற்கிறது.

அப்படியானால் மருந்தே நேர்மையானதா? கொல்கிறோம் என்று அறிந்து கொல்வது மட்டும் நேர்மையாகிவிடாது. எதையெல்லாம் கொல்கிறோம் என்பதும் அறத்தின் கேள்விதான். மருந்து பொறிவண்டையும் தேனீயையும் கொல்லும், தெளிப்பவரின் உடம்பிலும் ஏறும். குளவியின் இலக்கு குறுகியது. மாவுப்பூச்சி குறைந்தால் அதுவும் குறையும். இரண்டும் சொற்ப எண்ணிக்கையில் பிழைத்துக் கிடக்கும். பூண்டோடு அழிக்காமல் அடக்கிவைப்பதோடு நிற்பதால்தான் இந்தக் கொலையை நான் ஏற்கிறேன். ஆனால் விட்ட உயிரைத் திரும்பப் பிடிக்க முடியாதே என்ற ஆட்சேபம் வலுவானது. கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட தேரை வண்டை ஒழிக்கவில்லை. அதன் நஞ்சு, அதைத் தின்ற பாம்புகளையும் பல்லிகளையும் கொன்றது. பல்வேறு இரைகளைத் தின்னும் பிராணியை அன்று போதிய சோதனை இல்லாமல் விட்டார்கள். இன்று எதிரி உயிரை அடைத்துவைத்து, அது வேறு எதையெல்லாம் தாக்கும் என்று பார்த்த பிறகே விடுகிறார்கள். அந்தச் சோதனையில் நமக்குப் பயன்படாத பூச்சிகளுக்கும் இடம் வேண்டும். அதனால் மாதங்கள் கூடினால், அதுவரை உழவர் சுமக்கும் இழப்பில் விளைச்சலை உண்டு உடன்படும் நமக்கும் பங்கு உண்டு. அரசுப் பணத்திலிருந்து அதற்கு ஈடு தர வேண்டும்.